டர்ன்: திருப்பு, புரட்டு, சுற்று, இன்னும் சில

அகராதியில் 'டர்ன்' (turn) என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் முதலில் வந்து நிற்பது 'திரும்பு'. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தால் பத்து வரிக்குள் மாட்டிக்கொள்வோம். யார் திருப்பியது, எதை நடுவாக வைத்துச் சுற்றியது, கடைசியில் எந்தப் பக்கம் மேலே வந்தது என்று தமிழ் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கும். செட்டிநாட்டு அடுப்படியில் நின்றே இதில் பாதியைப் பார்த்துவிடலாம்.

வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி ஆட்டி, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டு, ஒரு கரண்டி மாவை எண்ணெயின் நடுவில் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மேலெழும்பி ஓரம் சுருக்கம் விட்டதும் ஆச்சிமார் சொல்வது 'திருப்பிப் போடு'. சிவக்கும் முன் எடுத்துவிட வேண்டும், சிவந்துவிட்டால் அந்தப் பெயர் எதற்கு? மாவு கெட்டியாக இருந்தால் பணியாரம் கல் மாதிரி ஆகும். நீர்த்துவிட்டால் தட்டையாகப் படிந்து எண்ணெய் குடிக்கும்.

குழிப்பணியாரத்துக்கும் 'திருப்பு'தான், ஆனால் கை வேறு. முக்கால் குழி மாவு ஊற்றி, ஓரம் கல்லை விட்டு விலகியதும் கம்பியால் ஓரத்தில் குத்தி ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும். அவசரப்பட்டால் அடித்தோல் குழியிலேயே தங்கிவிடும், மேல்பாதி மட்டும் கம்பியோடு வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது 'திரும்பு' அல்ல, 'திருப்பு'. ஆங்கிலத்தில் பணியாரமும் 'டர்ன்' ஆகும், ஆச்சியும் அதை 'டர்ன்' செய்வார். தமிழில் தானாக நடந்தால் தன்வினை, ஒருவர் செய்தால் பிறவினை. திரும்பு–திருப்பு, மடங்கு–மடக்கு, சுழல்–சுழற்று, உருள்–உருட்டு, புரள்–புரட்டு என்று ஜோடி ஜோடியாக நிற்கும். 'சுற்று' மட்டும் இரண்டு பக்கமும் வேலை செய்யும்: பம்பரமும் சுற்றும், நூலையும் சுற்றலாம். கணினி மொழிபெயர்ப்பு வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'சாவியைத் திரும்பு' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். சாவியைத் திருப்பலாம், திருகலாம். எதிர்ப்புக் கொடுக்கும் பொருளைக் கைவிரலால் சுற்றினால் அது திருகுவது. தண்ணீர்க் குழாய், ஸ்க்ரூ, குறும்பு செய்த பிள்ளையின் காது எல்லாம் அந்தக் கணக்கு. புத்தகத்தின் பக்கத்தைப் 'புரட்டு' என்பதே நல்ல தமிழ்.

அடுத்தது சுழல், சுற்று. நடுப்புள்ளி பொருளுக்குள்ளேயே இருந்தால் சுழல்வது, வெளியே இருந்தால் சுற்றுவது. பூமி தன் அச்சில் ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம்; சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 365¼ நாள். நிலவு சுழலவும் சுற்றவும் ஒரே கால அளவை, சுமார் 27.3 நாளை, எடுத்துக்கொள்வதால்தான் அதன் ஒரே முகத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்தப் பிரிவினை எழுத்துத் தமிழோடு சரி. பேச்சில் ஃபேனும் 'சுத்துது', தலையும் 'சுத்துது', வேலையில்லாத பையனும் ஊரைச் 'சுத்துறான்'. பேச்சைத் திருத்தப் போக வேண்டாம். பாடமோ செய்முறைக் குறிப்போ எழுதும்போது மட்டும் பிரித்து எழுதினால் போதும்.

பிரிக்காவிட்டால் என்ன குழப்பம் வரும் என்பதற்கு மாவாட்டும் கல்லே சாட்சி. ஆட்டுக்கல்லில் கல் அப்படியே இருக்கும், குழவி சுழலும். பழைய மோட்டார் கிரைண்டரில் பாத்திரம் சுழலும், குழவி பிடியில் நிற்கும். டேபிள் டாப்பில் பாத்திரம் சுழல, உள்ளே உள்ள கற்கள் தத்தம் தண்டில் உருளும். 'கிரைண்டர் சுற்றுகிறது' என்று மட்டும் எழுதினால் பழுது பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. கல் உருளவில்லையா, பாத்திரமே சுழலவில்லையா என்று சொன்னால்தான் தண்டைப் பார்ப்பதா பெல்ட்டைப் பார்ப்பதா என்று தெரியும்.

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்லான ஆத்தங்குடி டைல்ஸ் வேறொரு ஜோடியைக் காட்டும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டை முதலில் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். சூளைக்குப் போவதில்லை, பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. ஆகவே வேலை முழுதும் பூப்போட்ட முகம் கீழே கவிழ்ந்தே கிடக்கும். இறுகிய பிறகு புரட்டினால் முகம் மேலே வரும். 'புரட்டு' அசைவை மட்டும் சொல்கிறது. முடிவில் முகம் எங்கே என்பதைச் சொல்ல 'கவிழ்த்து', 'மல்லாத்து' என்று இரண்டு சொற்கள் தனியே உண்டு. கழுவிய குண்டானைக் கவிழ்த்து வைப்போம், தூங்குகிற குழந்தையை மல்லாத்திப் போடுவோம்.

மரப்பட்டறையில் சொல் மறுபடி மாறும். கட்டில் கால், தொட்டில் கம்பம் எல்லாம் 'கடைசல்' வேலை. லேத்தில் மரம் சுழலும், உளி நிற்கும். துளை போடும் மெஷினில் அதற்கு நேர்மாறு. மோர் கடைவதற்கும் அதே வினைதான். மத்தைக் கயிற்றால் இழுத்து முன்னும் பின்னும் சுழற்றுவது போலத்தான் பழைய கடைசல் மரத்தையும் கயிறு போட்டு இழுத்தார்கள். இப்போது பட்டறையில் 'டர்னிங்' என்றே சொல்கிறார்கள். 'கடைசல்' மறைந்து வருவது வருத்தம்தான்.

இழையாக இருந்தால் முறுக்கு, புரி, திரி. மாவை முறுக்கினால் முறுக்கு, பஞ்சைத் திரித்தால் திரி. பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகரின் துதிக்கை வலப்பக்கம் வளைந்திருப்பதால் வலம்புரி. பால் கெட்டால் 'திரிந்துபோச்சு' என்கிறோம். ஆங்கிலத்திலும் அதற்கு 'டர்ன்'தான், அபூர்வமாக இரண்டு மொழியும் ஒரே சொல்லில் சந்திக்கும் இடம்.

வட்டிக்கடைப் பக்கம் போனால் ஆங்கிலம் கைவிட்டுவிடும். 'நகையைத் திருப்பணும், அதுக்குப் பணம் புரட்டணும்.' இதில் திருப்புவது அடகிலிருந்து மீட்பது, புரட்டுவது அங்கே இங்கே கேட்டுச் சேர்ப்பது. இரண்டையும் 'டர்ன்' என்று போட்டால் வாக்கியமே விழுந்துவிடும். 'பணம் புரளுது' என்றால் தாராளமாக நடமாடுகிறது என்று பொருள். கணக்கேட்டில் 'டர்னோவர்' என்பதற்கு விற்றுமுதல் என்று எழுத வேண்டும். பெயர்ச்சொல்லான 'புரட்டு' பொய், இளவட்டங்களின் 'உருட்டு' அதன் தம்பி. வரிசையில் நிற்கும்போது 'டர்ன்' என்பது வெறும் 'முறை'.

சாலையில் குழப்பம் குறைவு. 'அண்ணே, அந்த முக்குல திரும்புங்க' என்றால் ஆட்டோ திரும்பும். சந்து குறுகலாக இருந்தால் கூடவே 'நல்லா ஒடிங்க' என்று சொல்ல வேண்டும், ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தால்தான் ஒரே வீச்சில் போகும்.