பத்து காவானில் ஒரு பக்கி

பினாங்கு என்றாலே எல்லோரும் ஜார்ஜ் டவுனுக்குத்தான் கிளம்புவார்கள். இந்த முறை நான் தீவுக்கே போகவில்லை. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாம் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே, பத்து காவானில் மாமா வீட்டில் இறங்கிவிட்டேன். 2014-இல் அந்தப் பாலம் திறந்த பிறகு ஊர் ஆளே மாறிவிட்டது. தோட்டக்காடாகக் கிடந்த இடமெல்லாம் தொழிற்சாலை, அடுக்குமாடி. ஆனாலும் நடுநடுவே செம்பனையும் புதருமாக வெட்டவெளி மிச்சம் இருக்கிறது. பக்கி என்கிற இராப்பறவைக்கு அது போதும்.

இருட்டத் தொடங்கியதும் மாமாவோடு மண்பாதையில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது: டொங்க், டொங்க், டொங்க். யாரோ மரக்கட்டையைச் சுத்தியலால் தட்டுவதுபோல, இடைவெளி மாறாத சத்தம்.

"தோட்டத்துல இருந்தப்போ இதக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவோம். லைட்ட நேரா அடிக்காதய்யா, அதுக்குக் கண்ணு கூசும்" என்றார் மாமா.

டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தேன். பாதையோரம் சிவப்பாகக் கண் மின்னியது. சுமார் ஒரு அடி நீளப் பறவை. உடம்பெல்லாம் சருகின் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். கண் மின்னாவிட்டால் மிதித்தே விடுவோம். அலகு துளியூண்டுதான், ஆனால் வாய் காதுவரை பிளக்கும். அந்தியிலும் இரவிலும் அந்துப்பூச்சியையும் வண்டையும் பறந்தபடியே வாயால் அள்ளிக்கொள்ளும். சட்டென்று எழுந்தது. சிறகடிக்கும் சத்தமே இல்லை. வால் ஓரத்து வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரிந்தது, அப்படியானால் ஆண்.

எனக்குப் பெரிய வியப்பு அதன் குடித்தனம்தான். கூடு கட்டுகிற வழக்கமே கிடையாது. வெறும் தரையில், சருகின் மேல், பெரும்பாலும் இரண்டு முட்டை. அந்த நிறத்தை மட்டும் நம்பி, யார் நடந்து போனாலும் அசையாமல் அடைகாக்கிறது. ரொம்ப நெருங்கிவிட்டால் சிறகு ஒடிந்ததுபோலத் துடித்து நம்மை வேறு பக்கம் இழுத்துப் போகும். நிலத்தைச் சமன்படுத்த வரும் இயந்திரத்திடம் இந்த உபாயம் செல்லாது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பார்க்கப் போகிறவர்கள் பாதையை விட்டுப் புதருக்குள் கால் வைக்க வேண்டாம். வண்டியில் போனால் மெதுவாகப் போங்கள். ராத்திரியில் இது சாலையிலேயே உட்காரும். தீவில் தங்குபவர்கள் தண்ணீர்மலைப் பக்கம் பூந்தோட்டத்து ஓரமாக, பொழுது சாயும் நேரத்தில் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளலாம்.