வண்டிக் கடன் தீர்ந்ததற்கான ஃபார்ம் 35 கையில் இல்லாமல் வண்டியை ரயிலில் ஏற்றாதீர்கள்

ஒரே ஓர் எழுத்துக்காகப் புனேயிலிருந்து திருநெல்வேலிக்கு வந்து போயிருக்கிறேன். தாதர் ரயிலில் வர ஒன்றரை நாள், திரும்ப ஒன்றரை நாள். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத வேலையில் ஒரு வாரம் விடுப்பு கேட்டு மேலாளர் முன்னால் நின்றேன். அந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. வெளிமாநில வேலைக்கு வண்டியோடு கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் இப்படி அலையக்கூடாது.

போன வருடம் ஆனியில் வேலை உறுதியானது. பைக்கை நெல்லை சந்திப்பில் பார்சல் போட்டேன். ஆர்.சி. நகல், ஆதார் நகல், பெட்ரோல் சொட்டுக்கூட இல்லாத டேங்க் இவ்வளவுதான் தேவைப்பட்டது. வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்டிய அண்ணாச்சி, "கண்ணாடி இரண்டையும் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விடுங்கள் தம்பி" என்றார். அவர் பேச்சைக் கேட்டேன். கீறல் விழாமல் வண்டி போய்ச் சேர்ந்தது.

தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. வண்டியை வேறு மாநிலத்தில் பதிவு செய்ய நம் ஊர்ப் போக்குவரத்து அலுவலகம் தரும் தடையில்லாச் சான்றை, அங்கே போய் நிதானமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். எட்டாவது மாதத்தில்தான் அந்தச் சான்றுக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, மூன்று வருடத்துக்கு முன்பே தவணை முடிந்த வண்டியின் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது.

கடைசித் தவணை கட்டியதும் அந்தப் பெயர் தானாகப் போய்விடும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போகாது. நிறுவனம் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ஐயும் கடன் தீர்ந்த கடிதத்தையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நாம்தான் கொடுத்து நீக்க வேண்டும். எனக்கு அந்தக் கடிதம் வந்ததா என்பதுகூட நினைவில்லை. வீட்டில் பீரோவையே கவிழ்த்துத் தேடியும் கிடைக்கவில்லை.

நிறுவனத்தின் தொலைபேசியில் எந்தக் கிளையிலும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். புனே கிளையிலோ கடன் கொடுத்த கிளைக்குப் போகச் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் இருந்த அந்தக் கிளை வண்ணார்பேட்டைக்கு மாறியிருந்தது. மாடிப்படி ஏற முட்டி வலிக்கும் அப்பா மூன்று முறை ஏறி இறங்கினார். முதல் முறை அதிகாரி இல்லை. இரண்டாம் முறை என் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றார்கள், கூரியரில் அனுப்பினேன். மூன்றாம் முறை காகிதம் கைக்கு வந்தது. அன்று இரவு அப்பாவும் நானும் போனில் பேசிய சந்தோஷம் மறுநாள் மதியத்தோடு முடிந்துவிட்டது.

போக்குவரத்து அலுவலகத்தில் இருந்த ஊழியர் அம்மா, நான் புனேயில் எடுத்து அனுப்பிய, வண்டியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் அச்சையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அச்சில் பூஜ்ஜியம் இருந்த இடத்தில், கடிதத்தில் ஆங்கில 'ஓ' இருந்தது. "சேசிஸ் எண்ணில் மொத்தம் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். அதில் ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது. கடிதத்தைத் திருத்தி வாங்கி வாருங்கள் ஐயா" என்று அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது முழுக்க நியாயம். வாங்காமல் விட்டிருந்தால் புனேயில் மாட்டியிருப்பேன்.

திருத்திக் கொடுக்கக் கடன் வாங்கியவரே நேரில் வர வேண்டும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அவர்கள் தட்டச்சுப் பிழைக்கு நான் ரயில் ஏறினேன்.

வண்ணார்பேட்டை மாடியில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்தபடியே, "எங்கள் கணினியில் இப்படித்தான் இருக்கிறது" என்றார். பையிலிருந்து இன்னொரு அச்சை எடுத்து மேசையில் வைத்தேன். ஹேண்டில்பாருக்குக் கீழே வண்டியின் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தது. கரும்பட்டையின் நடுவே எண்கள் வெள்ளையாக எழுந்து நின்றன. அந்த அம்மா சொன்ன மூன்று எழுத்துக் கணக்கை அப்படியே சொன்னேன். "அந்த எழுத்தே வராத எண்ணில் உங்கள் கணினிக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது தம்பி?" என்று கேட்டேன். முதல்முறையாகத் தலையைத் திருப்பித் தாளைப் பார்த்தார். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போனது. நாளை வாருங்கள் என்றதற்கு, காகிதம் வாங்காமல் இறங்கமாட்டேன் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாலை நாலரை மணிக்கு முத்திரையோடு வந்தது. அங்கேயே நின்று 17 இடத்தையும் விரல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் படியிறங்கினேன். அப்பாவுக்கு இருட்டுக்கடை அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கடன் நீக்கத்துக்குக் கொடுத்தேன். தம்பி ஹெல்மெட் போடாமல் ஓட்டிய அபராதம் 1000 ரூபாய் பாக்கி இருந்தது. அது இருக்கும்வரை விண்ணப்பம் நகராது என்பதால் உடனே கட்டினேன். தடையில்லாச் சான்றுக்கான ஃபார்ம் 28 அதன் பிறகு சிக்கலில்லாமல் போனது. சான்று வந்தபோது பதினோராவது மாதம்.

கிளம்பும் முன்பே சேசிஸ் அச்சு ஐந்தாறு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடும் புகைச் சான்றும் காலாவதி ஆகாமல் இருக்கட்டும். மகாராஷ்டிரத்துக்குப் போகிறவர்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை முறைப்படி பதிவு செய்யச் சொல்லி உரிமையாளரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். அங்கே 11 மாத ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும்; நம் ஊர் வழக்கப்படி பத்திரத்தில் மட்டும் எழுதிக்கொண்டால் முகவரிச் சான்றாகாது. இங்கே கட்டிய ஆயுள்வரி ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். அங்கே பதிவு முடிந்ததும் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். என்னுடையதை அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூஜை அறையில் வைத்திருக்கிறார்.