நான் இப்போது அங்கே இல்லை அக்கா

ஹட்டனில், தவணைக்கு வாகனம் கொடுக்கும் லீசிங் கம்பனியில் காசு வசூலிக்கும் வேலையை விட்டுவிட்டு பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு பார்க்க வந்தாச்சு, ஆனாலும் 10ஆம் திகதி தோட்டத்தில் சம்பளம் போட்டால் போதும், என் போன் ஓய்வதில்லை. "தம்பி, இந்த மாசம் ஆட்டோ காசு ஒரு கிழமை பிந்தும், சேர்கிட்ட சொல்லி வைங்க." எந்த சேர்? அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

கட்டி முடித்தவர்கள் இன்னும் மோசம். லீசிங் முடியும்வரை வாகனத்தின் உரிமை கம்பனி பெயரில் இருக்கும் அல்லவா, அதை மாற்றி புத்தகம் எப்போது தருவீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள், நான் என்னவோ வீட்டு அலமாரியில் வைத்திருப்பதுபோல!

அவர்கள்மேல் கோபமில்லை. ஆபீஸ் போன் தரவில்லை, சொந்த நம்பரைத்தான் ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தோம். ஆள் மாறியதைக் கம்பனி ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினால் மஸ்கெலியா தோட்ட லயத்தில் யார் வாசிப்பது?

நம்பரை மாற்று என்கிறார் மனைவி. பேங்க், பிள்ளையின் ஸ்கூல் எல்லாம் இதில்தானே இருக்கிறது. அதனால் கம்பனியின் கிளை நம்பரைத் தமிழில் எழுதி வைத்து, கோல் வந்ததும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். ஒரு அக்கா அதற்கும் பதில் போட்டார்: "சரி தம்பி, நீங்களே பேசிச் சொல்லிடுங்க."