ஒரு மாதம் வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு என்ன வழி?

போதை மறுவாழ்வு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் கால அளவு 28 நாள். 1950களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உருவான உறைவிடச் சிகிச்சை முறையை ஒட்டிப் பரவி, பின்னர் காப்பீட்டு நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டதால் நிலைபெற்றுவிட்ட கணக்கு அது. மூளை தேறிவர அவ்வளவு நாள் போதும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. 90 நாளுக்குக் குறைவான சிகிச்சையால் கிடைக்கும் பலன் குறைவு என்று அதே நாட்டின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனமே சொல்கிறது. அந்த 90 நாளும் கட்டிலில் படுத்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனாலும் பெரும்பாலான மையங்களில் ஒரு மாதத் தங்கல்தான் இன்றும் முதல் வாசல். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு மாதம் வாருங்கள் என்று ஒருவரிடம் சொல்லும்போது, வீட்டைக் கவனிக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் தவணை தவறாமல் பணம் கட்டவும் இன்னொருவர் இருக்கிறார் என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. மனைவியே நோயாளி என்றால் கணக்கு உதைக்கிறது.

மறுவாழ்வு மையம் ஒன்றின் சேர்க்கைப் பிரிவில் சில காலம் தன்னார்வலராக இருந்தேன். சேர்க்கைப் படிவங்களை அடுக்கி வைக்கும் வேலையில் ஒன்று கண்ணில் பட்டது. ஆண்களின் படிவங்கள் பெரும்பாலும் வேறொருவர் கையெழுத்தில் இருக்கும். மனைவியோ தாயோ சகோதரியோ நிரப்பியிருப்பார்கள். பெண்களின் படிவத்தை அந்தப் பெண்ணே நடுங்கும் கையால் நிரப்பியிருப்பார். ‘பொறுப்பாளர் பெயர்’ என்ற கட்டத்தில் சிலர் ஒரு கோடு மட்டும் இழுத்திருப்பார்கள், சிலர் பதினைந்து வயது மகளின் பெயரை எழுதியிருப்பார்கள். குடிக்கும் கணவனைச் சிகிச்சைக்கு அழைத்து வருவது மனைவியின் கடமை என்று நினைக்கும் உறவினர்களே, குடிக்கும் மனைவியை மறைத்து வைப்பதைக் குடும்ப மானம் என்று நினைக்கிறார்கள். இதில் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாட்டை நான் பார்க்கவில்லை.

உலகில் போதைப்பொருள் பயன்படுத்துவோரில் மூன்றில் ஒருவர் பெண், ஆனால் சிகிச்சையில் இருப்போரில் ஐந்தில் ஒருவர்தான் பெண் என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் 2015ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. பெண்களுக்குத் தாமதம் ஆணைவிட ஆபத்தானது என்பதால் இந்த இடைவெளி கவலைக்குரியது. பெண்ணின் உடலில் நீரின் விகிதம் குறைவு. மதுவை இரைப்பையிலேயே ஓரளவு சிதைக்கும் நொதியும் பெரும்பாலும் குறைவாகவே வேலை செய்கிறது. ஆகவே அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் மதுவின் அளவு கூடுதலாக ஏறுகிறது, கல்லீரல் பாதிப்பும் விரைவில் வருகிறது. பழகத் தொடங்கியதிலிருந்து அடிமையாகும் வரையிலான காலமும் பெண்களில் பலருக்குச் சுருங்கிவிடுவதை மருத்துவர்கள் நெடுநாளாகக் கவனித்து வருகிறார்கள். இருந்தும் அவர்கள் வந்து சேரும் இடம் மறுவாழ்வு மையமாக இருப்பதில்லை. தூக்கமில்லை, படபடப்பு, உடம்பு வலி என்று பொது மருத்துவரிடம் போகிறார்கள். அவர் குடிப்பதுண்டா என்று கேட்காமல் தூக்க மாத்திரை எழுதித் தருகிறார். சில மாதங்களில் ஒரு பழக்கம் இரண்டாகிவிடும். பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், பிறகு அதையும் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கிறது.

உறைவிடச் சிகிச்சையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. கடுமையாகக் குடித்து வந்தவர் நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், இரண்டாவது நாளுக்கும் நான்காவது நாளுக்கும் இடையில் உயிருக்கே உலை வைக்கும் மனக்குழப்பமும் வரலாம். முன்பு வலிப்பு வந்தவர்கள், வேறு உடல்நோய் உள்ளவர்கள், தனியாக இருப்பவர்கள் மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும். ஆனால் அந்த ஆபத்து ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. அதன் பிறகு தேவைப்படுவது கவுன்சலிங், குழு உரையாடல், மருந்து, தொடர் கண்காணிப்பு ஆகியவை. இவற்றுக்குக் கட்டில் அவசியமில்லை. வாரத்துக்கு ஒன்பது மணி நேரம், அதாவது மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் என்ற அளவில் நடக்கும் தீவிரப் புறநோயாளி சிகிச்சை பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. பலருக்கு அது உறைவிடச் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடான பலன் தருகிறது. அந்த மூன்று மணி நேரத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகிறவர் வர முடியாது, மாலை ஏழு மணிக்கு வைத்தால் சிறு குழந்தையின் தாய் வர முடியாது. இரண்டு நேரத்திலும் நடத்த ஆலோசகர்கள் போதவில்லை என்று நிர்வாகம் சொல்வது நியாயம்தான். அப்படியானால் வாரம் மாற்றி வாரமாவது நேரத்தை மாற்றலாமே.

மருந்து விஷயத்திலும் இதே சிக்கல்தான். ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்கு மெத்தடோன் நன்கு சோதிக்கப்பட்ட மருந்து. ஆனால் பல இடங்களில் தொடக்கத்தில் தினமும் மையத்துக்கு வந்து, ஊழியர் கண்முன்னே மருந்தைக் குடித்துவிட்டுப் போக வேண்டும். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர் அந்த வரிசையில் எத்தனை நாள் நிற்பார்? அதே போதைக்கு நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் புப்ரனார்ஃபின் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்ப முடியும். மாதம் ஒருமுறை போடும் ஊசியாகவும் அது இப்போது கிடைக்கிறது. குடிநோய்க்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகிய மருந்துகள் இருக்கின்றன. இவற்றை எழுதித் தரப் பழகிய ஒரு குடும்ப மருத்துவர் பக்கத்தில் இருந்தால், தொலைதூர மையத்தில் கூடுதலாக ஒரு கட்டில் இருப்பதைவிட அந்த உழைக்கும் குடும்பத்துக்கு அதிகப் பயன் என்பது என் எண்ணம். குடி, போதைப் பிரச்சினைகளை மற்ற நோய்களைப் போலவே கருதி, பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே நடைமுறை விதிகளை வகுத்தது. ஆனாலும் விடுப்புச் சான்றிதழின் தலைப்பில் மறுவாழ்வு மையத்தின் பெயரைப் பார்த்ததும் மேலாளரின் முகம் மாறும் என்று தொழிலாளிக்குத் தெரியும். பெயரையும் நோயையும் சொல்லாத சான்றிதழ் தர முடியும் என்று முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

தாய்மார்களின் பயம் வேறு. சிகிச்சைக்குப் போனதே ஆதாரமாகிப் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சி, பழக்கத்தை மறைத்தபடியே வாழ்கிறார்கள். கர்ப்பிணிகள் இன்னும் ஒடுங்கிப்போகிறார்கள். ஓபியாய்டுக்கு அடிமையான கர்ப்பிணியைத் திடீரென நிறுத்தச் சொல்லாமல், மெத்தடோனோ புப்ரனார்ஃபினோ கொடுத்துத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டியது. இது தெரியாத செவிலியர் ஒருவர் பிரசவ வார்டில் சொல்லும் ஒரு கடுஞ்சொல் போதும், அந்தப் பெண் மறுபடி மருத்துவமனைப் பக்கம் வரவே மாட்டார். பிள்ளைகளோடு தங்க இடம் கொடுத்த மையங்களில் தாய்மார்கள் கூடுதல் காலம் சிகிச்சையில் நீடிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவ்வளவு பெரிய ஏற்பாடு முடியாத இடத்தில், குழு நடக்கும் நேரத்தில் அடுத்த அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துவதாவது முடியும்.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பத்துப் பன்னிரண்டு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து, கணவன் அடிப்பதையோ முதல் முறை ஊற்றிக் கொடுத்தவனே அவன்தான் என்பதையோ எப்படிப் பேசுவது? தனக்கு வழக்கமான குழுக்கள் ஒத்துவராததால்தான், குடியிலிருந்து மீண்ட சமூகவியலாளர் ஜீன் கிர்க்பாட்ரிக் 1970களின் நடுவில் அமெரிக்காவில் பெண்களுக்கு மட்டுமான மீட்புக் குழுக்களைத் தொடங்கினார். தன் குற்றத்தை ஒப்புக்கொள்வதைவிடத் தன் மதிப்பை மீட்டுக்கொள்வதற்கு அவை அழுத்தம் கொடுத்தன. ஏற்கனவே ஊரெல்லாம் குற்றம் சொல்லக் கேட்டவருக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

எங்கள் மையத்தில் இருந்த இடைநின்றோர் பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘காரணம்’ என்ற பத்தியில் பெண்களின் பெயருக்கு நேரே பெரும்பாலும் ‘ஆர்வமின்மை’ என்றோ ‘ஒத்துழைக்கவில்லை’ என்றோ எழுதப்பட்டிருக்கும். அவர்களில் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கச் சொன்னார்கள். குழுவின் நேரத்தைக் காலையிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றியிருந்தார்கள். மகனின் பள்ளி மூன்று மணிக்கு விடும். ‘வரக் கூடாதென்று இல்லீங்க, நேரந்தான் ஒத்துவரலை’ என்றார், வேறு புகார் எதுவும் அவரிடம் இல்லை. அந்தப் பத்தியில் குழு நேரம், பிள்ளைப் பராமரிப்பு, போக்குவரத்து, சம்பள இழப்பு, வீட்டார் எதிர்ப்பு என்ற காரணங்களை அச்சிட்டு, நோயாளியைக் கேட்டே குறியிட வேண்டும் என்று விதி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து பதிவேட்டைப் புரட்டும் நிர்வாகிக்கு, எந்தக் குழுவின் நேரத்தை மாற்ற வேண்டும் என்பதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டுமா என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.