கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?

போன செவ்வாய்க்கிழமை காலையில மலேசியாவுல, ஆயர் ஈத்தாம் ஊர்க் கடையில மாமா கையிலிருந்த தே தாரிக் (இழுத்து ஆத்துற பால் டீ) கிளாஸ் நழுவி விழுந்துச்சு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, பேச்சும் குழறுது. அத்தை தைலம் தேடுறாங்க. நான் 999-க்கு அடிக்காம காரிலேயே தூக்கிப் போட்டேன். என் தப்புதான், ஆம்புலன்ஸ்னா முன்கூட்டியே தகவல் போயிருக்கும்.

ஆஸ்பத்திரி கவுண்டர்ல ஐசி (அடையாள அட்டை) கேட்டாங்க, நம்பர் கொடுத்தாங்க, அவசரமில்லாதவங்க காத்திருக்கிற பச்சை மண்டலத்துல உட்கார வெச்சாங்க. நாற்பது நிமிஷம்! பக்கவாதத்துல நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் சாகுதுன்னு கணக்கு. வழியில போன ஒரு இளம் டாக்டர் மாமா முகத்தைப் பார்த்துட்டு நின்னாரு. அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?"

அதுக்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். முதல்ல சிடி ஸ்கேன். மூளையில ரத்தக்கசிவா இருந்தா ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தே ஆபத்தாயிடுமாம். ரத்தக்குழாய் அடைப்புன்னா அந்த மருந்தை, கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள ஏத்தணும். மாமாவுக்கு ஏத்திட்டாங்க.

முகம், கை, பேச்சு. இந்த மூணையும் கவுண்டர்லயே பார்க்க எவ்வளவு நேரம் ஆகும், ஒரு நிமிஷமா? அந்தக் கேள்வியை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கேன்.

மாமா இன்னிக்கு இடது கையில கரண்டி பிடிச்சு, கஞ்சியில உப்பே இல்லைன்னு திட்டினாரு. குழறல் இன்னும் இருக்கு. திட்டு தெளிவா புரிஞ்சுது.