எதிராளி யார்? ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் படித்த கதை

சென்னையில் ஐந்து வருடச் சட்டப் படிப்பை முடித்த கையோடு நெதர்லாந்துக்கு ஓராண்டு எல்எல்எம் என்ற சட்ட முதுநிலைப் படிப்புக்குப் போனேன். பாடம், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் அதன் அரசியல் அமைப்புகளும். முதல் தேர்வில் பத்துக்கு நாலரை வாங்கினேன். அங்கே தேற ஐந்தரை வேண்டும். வழக்கின் பெயர், வருடம், தீர்ப்பின் சாரம் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். நம் ஊர் வழக்கத்துக்கு முதல் வகுப்பே விழுந்திருக்கும். விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி: "எதிராளி யார்?"

இந்தப் பாடத்தை எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் அதுதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்றியம் 'டைரக்டிவ்' என்று ஒன்றைப் போடும். இன்ன தேதிக்குள் இந்த நோக்கத்துக்கு உங்கள் நாட்டில் சட்டம் செய்துகொள்ளுங்கள் என்று உறுப்பு நாடுகளுக்கு இடும் கட்டளை அது. ஒரு நாடு செய்யாமல் இழுத்தடித்தால் என்ன ஆகும்? குடிமகன் அந்த டைரக்டிவையே நேராக நீதிமன்றத்தில் காட்டலாமா? அரசுக்கு எதிராக என்றால், விதி தெளிவாக இருக்கும் பட்சத்தில், காட்டலாம். தனியாருக்கு எதிராக என்றால் முடியாது. பிரிட்டனில் மார்ஷல் என்ற பெண்மணியை 62 வயதில் வேலையிலிருந்து அனுப்பினார்கள். ஆண்களுக்கு வயது வரம்பு 65. வேலை கொடுத்தது அரசு சுகாதார நிர்வாகம் என்பதால் 1986-இல் அவர் ஜெயித்தார். இத்தாலியில் ஃபச்சினி டோரி என்ற பெண், மிலான் ரயில் நிலையத்தில் மடக்கிப் பேசியவர்களிடம் அஞ்சல் வழி ஆங்கிலப் படிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சில நாளில் வேண்டாம் என்று எழுதினார். அப்படி விலகும் உரிமையை டைரக்டிவ் தந்திருந்தது. இத்தாலி அதைச் சட்டமாக்கவில்லை. எதிரே தனியார் கம்பெனி. 1994-இல் வந்த தீர்ப்பு: டைரக்டிவை அந்தக் கம்பெனி மேல் நேராக ஏவ முடியாது.

கதை அங்கே முடிவதில்லை. உள்நாட்டுச் சட்டத்தையே டைரக்டிவுக்கு இசைவாகப் பொருள் கொள்ள முடியுமா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், சட்டம் செய்யாமல் விட்ட அரசிடமே நஷ்டஈடு கேட்கலாம். 1991-இன் ஃப்ரான்கோவிச் தீர்ப்பு திறந்துவிட்ட வழி அது. நான் என்ன செய்தேன்? கேள்வியில் வந்த தனியார் கம்பெனி மேல் டைரக்டிவை நேராகப் பாய்ச்சிவிட்டு, அதன் மேல் இரண்டு பக்கம் கட்டினேன். அஸ்திவாரமே இல்லாத வீடு.

அதற்குப் பிறகு கேள்விகளை அடுக்கும் வரிசையைத்தான் படித்தேன். உறுப்பு நாடுகளுக்கிடையே பொருள்களின் தடையற்ற போக்குவரத்து என்ற பகுதியில் எனக்கு வரிசையைப் புரியவைத்தது ஒரு மார்ஜரின் டப்பா. வெண்ணெய்க்குப் பதிலாகத் தடவிக்கொள்ளும் கொழுப்புதான் மார்ஜரின். பெல்ஜியத்தில் மார்ஜரினைக் கனசதுர வடிவில்தான் விற்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. வாங்குகிறவர் வெண்ணெய் என்று ஏமாந்துவிடக் கூடாதாம். ஜெர்மன் தயாரிப்பாளரின் டப்பா வேறு வடிவம். வழக்கு எண் 261/81, தீர்ப்பு 1982.

இப்படிப் பிரியுங்கள். சரக்கு எல்லை தாண்டுகிறதா? ஆம். விதி வெளிநாட்டுச் சரக்கை மட்டும் குறிவைக்கிறதா? இல்லை, பெல்ஜியக்காரருக்கும் அதே விதிதான். ஆனாலும் ஜெர்மன்காரர் பெல்ஜியத்துக்கென்று தனியாகப் பேக்கிங் செய்ய வேண்டியிருக்கிறது, செலவு ஏறுகிறது. எனவே ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் இன்றைய 34-ஆம் பிரிவு கூடாது என்று சொல்லும் இறக்குமதித் தடைக்குள் வருகிறது. நியாயமான காரணம் உண்டா? நுகர்வோரைக் காப்பது நியாயமான காரணம்தான். அந்தக் காரணத்துக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா? தேவையில்லை, லேபிள் ஒட்டினாலே போதும். விதி விழுந்தது. கடைசிக் கேள்விக்கு ஒரே வரி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். மதிப்பெண் குவிந்திருப்பதோ அங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வழக்கு இரண்டு வியாபாரிகளுக்கு நடுவே நடந்தது. அடி வாங்கியது அரசின் விதி. ஆக, 'எதிராளி யார்' என்பதற்கு வழக்குத் தாளில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. கையில் இருப்பது ஒப்பந்தப் பிரிவா டைரக்டிவா, எதிர்க்கப்படுவது யாருடைய விதி என்றும் பார்க்க வேண்டும்.

தீர்ப்புகளைச் சுருக்கத்தில் படிக்காதீர்கள். நம் உச்ச நீதிமன்றத்தின் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புகள் என்று தலை சுற்றிப் போயிருக்கும் நமக்கு லக்சம்பர்க்கில் இருக்கும் ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்பு கையடக்கம்: ஒரே தீர்ப்பு, மாறுபட்ட கருத்து என்று எதுவும் வெளிவராது. விவாதத்தின் மறுபக்கம் வேண்டுமானால் அட்வகேட் ஜெனரலின் கருத்துரையைப் படிக்க வேண்டும். நம் ஊரில் போல அரசின் வக்கீல் அல்ல அவர்; தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்கே யோசனை சொல்பவர். ஒப்பந்தப் பிரிவைக் குடிமக்கள் நேராக உள்நாட்டு நீதிமன்றத்தில் காட்டலாம் என்று சொன்னது 1963-இன் வான் கென்ட் என் லோஸ் வழக்கு. அதில் அட்வகேட் ஜெனரல் ரோமர் சொன்ன யோசனைக்கு நேர் எதிராக நீதிமன்றம் போனது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த அன்றுதான் அந்தத் தீர்ப்பு எவ்வளவு துணிச்சலானது என்று உறைத்தது. அடுத்த வருடம் வந்த கோஸ்டா வழக்கு, இத்தாலியில் 1,925 லிரா கரண்ட் பில் கட்ட மாட்டேன் என்ற ஒருவரின் பிடிவாதத்தில் தொடங்கி, ஒன்றியச் சட்டமே மேலானது என்பதில் போய் முடிந்தது. பில் தொகை நினைவில் இருந்தால் தத்துவம் பின்னாலேயே வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: பழைய தீர்ப்புகளில் பழைய பிரிவு எண்கள்தான் இருக்கும். உள்நாட்டு நீதிமன்றம் லக்சம்பர்க்கிடம் விளக்கம் கேட்கும் வழி முதலில் 177, பிறகு 234, 2009 டிசம்பரில் லிஸ்பன் ஒப்பந்தம் அமலானதிலிருந்து 267. மூன்றும் ஒன்றுதான் என்று தெரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அமைப்புகள் பகுதியில் நம் தலைவலி மொழிபெயர்ப்புதான். தமிழில் எல்லாமே 'ஐரோப்பிய கவுன்சில்' ஆகிவிடுகிறது. நாட்டுத் தலைவர்கள் கூடுவது ஒன்று, 'ஐரோப்பியன் கவுன்சில்'. அமைச்சர்கள் கூடிச் சட்டத்துக்கு ஓட்டுப் போடுவது இன்னொன்று, வெறும் 'கவுன்சில்'. மூன்றாவது 'கவுன்சில் ஆஃப் யூரோப்', 1949-இல் தொடங்கிய, இன்று 46 நாடுகள் கொண்ட தனி அமைப்பு. ஒன்றியத்துக்கு வெளியே இருப்பது. மனித உரிமை நீதிமன்றம் அதனுடையது, இருப்பது ஸ்ட்ராஸ்பூரில். பன்னிரண்டு நட்சத்திரக் கொடிகூட முதலில் அதனுடையதுதான், குழம்பாமல் என்ன செய்வது!

அமைச்சர்கள் அவையின் ஓட்டுக் கணக்கைப் பேப்பர், பேனாவோடு போட்டுப் பாருங்கள். 27-இல் 15 நாடுகள், மக்கள்தொகையில் 65 சதவீதம், இரண்டும் சேர வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி எதிர்த்தால் மக்கள்தொகைக் கணக்கில் 65 எட்டாது. ஆனாலும் மூவரால் தடுக்க முடியாது. தடுக்கக் குறைந்தது நான்கு நாடுகள் வேண்டும். பெரிய நாடுகள் சின்ன நாடுகளைத் தேடிப் போவது ஏன் என்பது அந்த ஒரு கணக்கில் தெரிந்துவிடும்.

மறுதேர்வில் ஒரு உடற்பயிற்சிக்கூடம் வந்தது: சந்தா கட்டியவர் விலகப் பார்க்கிறார், அரசு டைரக்டிவைச் சட்டமாக்கவில்லை. முதல் வரியிலேயே "எதிராளி தனியார்" என்று எழுதி அடிக்கோடிட்டேன். ஏழரை வந்தது. போனில் சொன்னதும் அம்மா பதறிப்போய், "ஏழரையா? எந்தக் கோயிலுக்குடா விளக்குப் போடணும்?" என்றார்.