பெட்டி தேடும் நடையும் பப்பில் மதியச் சாப்பாடும்: சர்ரே மலைகளில் ஒன்றரை வருஷம்

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை பிடிக்காது. "வாக்கிங் போகலாம்" என்றால் மகனுக்கு அந்த நிமிஷமே கால் வலி வந்துவிடும். "பெட்டி தேடப் போகலாம்" என்றால் அதே கால் சேற்றில் ஏழெட்டு கிலோமீட்டர் ஓடும். ஜியோகேச்சிங்கை நாங்கள் பிடித்துக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஆட்டம் எளிது. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை வலைத்தளத்தில் போட்டிருப்பார். நாம் போனில் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து அந்த இடத்துக்குப் போய், டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கவேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து அதன் இடத்தை இணையத்தில் அறிவித்தார். எல்லாம் அங்கிருந்து தொடங்கியதுதான். அந்த வாளிக்குள் ஒரு டின் பீன்ஸும் இருந்ததாம். இப்போது டப்பாவில் சாப்பிடும் பொருள் வைக்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி, காட்டு விலங்குகள் கடித்துத் திறந்துவிடும்.

எங்கள் வீடு இங்கிலாந்தில், லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில், எப்சம் பக்கம். அதனால் இரண்டு இடங்களுக்குத்தான் அதிகம் போகிறோம்: பாக்ஸ் ஹில், லீத் ஹில். இரண்டும் சர்ரேயில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் காலுக்குக் கீழே மண் வேறு. பாக்ஸ் ஹில் சுண்ணாம்புக் குன்று. மழை பெய்தால் பாதை வெள்ளைக் களிம்பாகி வழுக்கும், இறங்கும்போது ஒரு பிள்ளையாவது உட்கார்ந்துவிடும். லீத் ஹில்லின் மேல்பகுதி மணற்கல், தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். எனவே முந்தின நாள் மழை என்றால் லீத் ஹில், நான்கு நாள் காய்ந்திருந்தால் பாக்ஸ் ஹில்.

பாக்ஸ் ஹில்லின் பெரிய வசதி ரயில். 'பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள்' நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மோல் ஆறு. ஆற்றின் குறுக்கே கால் வைத்துத் தாண்டும் கற்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எதிரி கடந்து வரக்கூடாது என்று பழைய கற்களை அழித்துவிட்டார்கள். இப்போது இருப்பவை 1946இல் போடப்பட்டவை, அன்றைய பிரதமர் கிளமென்ட் அட்லியே வந்து திறந்து வைத்தார். வெள்ளம் என்றால் கற்கள் மூழ்கிவிடும், பக்கத்தில் நடைபாலம் இருக்கிறது. மேலே ஏறினால் மேஜர் லாபிலியேரின் நினைவுக்கல். உலகமே தலைகீழாகக் கிடக்கிறது, என்னையும் தலைகீழாகப் புதையுங்கள் என்று சொல்லி, 1800இல் அப்படியே புதைக்கப்பட்டவர். என் மகனுக்கு அந்தக் குன்றில் எந்தப் பெட்டியைவிடவும் இவரைத்தான் பிடித்தது. கால் மேலேயா, தலை மேலேயா என்று வீடு வரும்வரை கேள்வி.

தேடும் விஷயத்துக்கு வருகிறேன். அம்புக்குறி நம்மைச் சரியாகப் பெட்டியின் தலையில் கொண்டு நிறுத்தாது. வெட்டவெளியில் நான்கைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். மரக்கூட்டத்தில் சிக்னல் இலையிலும் தண்டிலும் பட்டுத் திரும்புவதால் இன்னும் அதிகம் தவறும். எங்கள் வழக்கம்: பத்து மீட்டர் என்று காட்டியதும் போன் என் பைக்குள் போய்விடும். அதற்கப்புறம் கண்ணுக்குத்தான் வேலை. மரத்தடியில் குச்சிகள் ஒரே பக்கமாக அடுக்கினாற்போல் கிடந்தால் சந்தேகப்படலாம், காற்று அப்படி அடுக்காது. ஐவி கொடி ஏறிய தண்டு, பல கிளையாகப் பிரிந்த மரத்தின் கவட்டை, பாதைக் கம்பத்தின் பின்பக்கம், வேலி தாண்டும் மரப்படியின் அடிப்பலகை, பட்ட மரத்தின் பொந்து: இங்கிலாந்தில் முக்கால்வாசிப் பெட்டிகள் இவற்றில்தான் அடங்கும்.

குளிர்காலம்தான் தேட நல்ல காலம் என்பது என் கட்சி. ஜூலையில் பிரேக்கன் பெரணி மகளின் தோள் உயரம் நிற்கும், காஞ்சொறிச் செடி முழங்காலைப் பதம் பார்க்கும், உண்ணி பயம் வேறு. ஜனவரியில் இலை இல்லை, சிக்னலும் தெளிவு, கண்ணுக்கும் மறைப்பில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பது ஒன்றுதான் குறை. அதற்காகவே பப் இருக்கிறது.

பெட்டியின் அளவையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். 'மைக்ரோ' என்றால் பழைய பிலிம் டப்பா அளவு, 'நானோ' என்றால் விரல் நுனி அளவுக் காந்தம். பெரியவர்களுக்கு அதில் ஒரு சவால் இருக்கலாம். பிள்ளைகளுக்கு வேண்டியது மூடியைத் திறந்து எடுத்துக்கொள்ள ஏதாவது. அதனால் 'ரெகுலர்' (சின்னப் பொம்மைகள் கொள்ளும் டப்பா) என்று குறித்திருப்பதாகப் பார்த்து இரண்டு பெட்டிகளாவது வழியில் இருக்குமாறு பாதை போடுகிறேன். ஒன்று எடுத்தால் அதே மதிப்பில் ஒன்று வைக்கவேண்டும். மகன் ஒரு முறை தன் டைனோசரை வைத்துவிட்டு ரப்பர் வாத்து எடுத்தான், பேரம் முடிய கால் மணி நேரம் ஆனது.

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது கூட்டிப் போனோம். லீத் ஹில் பக்கத்து கோல்ட்ஹார்பர் கிராமத்தில் தொடங்கி, மரங்களுக்கு நடுவே மேட்டில் இருக்கும் கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டிக் கோபுரம் வரை. லீத் ஹில் 294 மீட்டர். ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைகிறதே என்று 18ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஹல் என்ற நிலக்காரர் உச்சியில் கோபுரம் கட்டினார், 1772இல் இறந்ததும் அதன் அடியிலேயே புதைக்கப்பட்டார். அவர் நேராகத்தான் கிடக்கிறாரா என்று மகன் கேட்டான். கோபுரத்தின் ஜன்னல் கடையில் டீயும் கேக்கும் கிடைக்கும்.

இறங்கும் வழியில் ஒரு இரும்பு கேட் அருகே பெட்டி என்று காட்டியது. நாங்கள் நால்வரும் புல்லைக் கிண்டிக்கொண்டிருக்க, அம்மா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் போல்ட்டு மட்டும் ஏன்டி துருப்பிடிக்கல?" என்றார். திருகினால் கையோடு வந்தது, உள்ளே சுருட்டிய தாள். தமிழில் கையெழுத்துப் போட்டார். அதன்பின் சர்ரேயில் ஒரு கேட்டையும் அவர் சும்மா விடவில்லை.

பப்புக்கு வர மட்டும் முதலில் மறுத்தார். "குழந்தைங்கள வெச்சுக்கிட்டு சாராயக் கடைக்கா?" ஊரில் டாஸ்மாக்கைப் பார்த்தவர், வேறெப்படிக் கேட்பார்? உள்ளே ஒரு பாட்டி குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்ததையும், மேஜைக்கடியில் நாய் தூங்கியதையும், பக்கத்து மேஜையில் கைக்குழந்தை இருந்ததையும் பார்த்தபின் கோட்டைக் கழற்றினார். இங்கே 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையோடு பப்புக்குள் வரலாம். சில கடைகள் இரவில் பிள்ளைகளை அனுமதிப்பதில்லை, அது அவரவர் விருப்பம்.

பப்புக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது முதலில் அடுப்பு நேரம். கிராமத்துப் பப்களில் பல மதியம் இரண்டரை, மூன்று மணிக்குச் சமையலை நிறுத்திவிட்டு மாலைதான் மறுபடி தொடங்கும். நடுவில் போனால் சிப்ஸ் பாக்கெட்தான். ஞாயிறு ரோஸ்ட் (சுட்ட இறைச்சியும் காய்கறியும் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு) வேண்டுமென்றால் முன்னாடியே மேஜை பதிவு செய்யவேண்டும். பெரும்பாலும் யாரும் மேஜைக்கு வந்து கேட்கமாட்டார்கள், மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு பாரில் போய்ச் சொல்லிக் காசு கொடுக்கவேண்டும். சைவக்காரர்கள் மேலே ஊற்றித் தரும் கிரேவி எதில் செய்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது, பெரும்பாலும் இறைச்சிச் சாறில் செய்தது. அம்மாவுக்கு, கொட்டைப் பருப்புகளில் செய்த சைவ நட் ரோஸ்ட் வாங்கினோம். "உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல, ஆனா சூடா இருக்கு" என்று தீர்ப்பு. கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வந்தது. சேற்று பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு சாக்ஸோடு உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பாதி மேஜைகளில் அதே கோலம்தான்.

கார் என்றால் கணவருக்கு லைம் சோடா. ரயில் என்றால் உள்ளூர் பீர் அரை பைன்ட், அதாவது 284 மில்லி. பாக்ஸ் ஹில் அவருக்கு ஏன் பிடிக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இதையெல்லாம் வைத்துத்தான் இப்போது பாதை போடுகிறேன். மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் பப், பெட்டிகள் எல்லாம் அதற்கு முன்னால். சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளைகள் தேடமாட்டார்கள், பெரியவர்களும்தான். வரைபடத்தையும் பெட்டி விவரங்களையும் வீட்டிலேயே போனில் இறக்கிவைக்கிறேன், பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைப்பதில்லை. சொந்தப் பேனா கட்டாயம், டப்பாவில் இருக்கும் பென்சில் எப்போதும் முனை உடைந்திருக்கும்.

அடுத்தது சொந்தப் பெட்டி வைப்பது. அதற்கு விதிகள் கொஞ்சம் அதிகம். மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும், பாக்ஸ் ஹில், லீத் ஹில் என்றால் அவற்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் கேட்கவேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் யோசனை வேண்டும். 2011இல் வட இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒரு கடைவாசலில் இருந்த டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்து ராணுவத்தை வரவழைத்து வெடிக்க வைத்தார்கள். எனவே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பா, மேலே 'ஜியோகேச்' என்று பெரிய எழுத்து, கட்டடங்கள் இல்லாத காட்டுப் பாதை. டப்பா வாங்கியாயிற்று. மகள் வரைபடத்தில் ஏற்கனவே உள்ள பெட்டிகளைச் சுற்றி வட்டம் போட்டு இடைவெளி தேடிக்கொண்டிருக்கிறாள், மிஞ்சியிருப்பது மூன்று திட்டு. அதில் ஒன்று பப்பைத் தாண்டி இருக்கிறது என்று மகன் உடனே அடித்துவிட்டான்.